நாலே முக்கால் அடி

எட்டுப் பேர் உட்காரலாம்,
ஒருவரும் நிமிர முடியாது.
மீனம்பாக்கத்துப் பழைய ஹேங்கரில்
விற்பனைக்கு நிற்கும் சின்ன ஜெட்டின் கூரை
நாலே முக்கால் அடி.
நான் ஐந்தடி நாலு.
மிச்சம் ஏழு அங்குலத்தை
முழங்காலில் மடித்து எடுத்துப்போக வேண்டும்.

"பெரிசாத் தெரியணும் மேடம்"
போனில் மூன்று முறை சொல்லிவிட்டார் நம்பியார்.
வாங்குகிற ஆள் துபாயில்.
படம் பிடித்தால்தான் ஆள் வரும்.

வடபழனி வாடகைக் கடையில்
இர்ஃபான் முதலில் பதினாலு எம்எம்மை எடுத்து வைத்தான்.
"கக்கூஸக் கல்யாண மண்டபமாக்கும்க்கா இது."
தெரியும்.
நங்கநல்லூரில் நான் இருக்கும் வீடே
யாரோ பதினாலில் எடுத்த படத்தைப் பார்த்துப் பிடித்ததுதான்.
ஹாலின் அந்தக் கோடியில் ஜன்னல், எங்கேயோ தூரத்தில்.
நேரில் போனால், சோபாவிலிருந்து கை நீட்டினால் கம்பி.
படத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி
கோழிமுட்டையாக நீண்டிருந்தது.
இதே தொழில் செய்கிறவள்,
அதைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் அனுப்பினேன்.

அடுத்துப் பதினேழு டில்ட்-ஷிஃப்ட்.
தேங்காய் மூடி மாதிரிப் புடைத்த கண்ணாடி,
ஆட்டோஃபோகஸ் இல்லை,
நாள் வாடகையைக் கேட்டால் முதுகு தானாக வளையும்.
ஆனால் சுவரைச் சாய்க்காது.
பொய் சொல்லும்,
நிமிர்ந்து நின்று சொல்லும்.
அதையே கொடு என்றேன்.
பெரிய பாடி வேண்டாம்;
கேமராவுக்குப் பின்னால் தலை,
தலைக்குப் பின்னால் உடனே சுவர்.
திரை மடங்கும் சின்னது போதும்.

அன்றிரவு குளியலறையில் ஒத்திகை.
கொடியில் காய்ந்த துண்டுதான் விமானம்.

முக்காலிக்கு அங்கே கால் வைக்க இடமில்லை.
பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி
இரண்டு கிலோ கடுகைக் கொட்டித் தைத்தேன்.
கேமராவை அதில் அமுக்கினால் அசையாது.
கேட்டில் காவலர் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தார்.
"என்ன இது?"
"கடுகு சார்."
"எதுக்கு?"
"உட்கார."
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டார்.

மே மாதம். ஏசிக்கு வெளியிலிருந்து கரண்ட் வண்டி வரவேண்டும்,
அதற்கு மணிக்கணக்கில் காசு, நம்பியார் மாட்டார்.
ஆறு ஜன்னலுக்கும் வெளியே
பாரிமுனை பட்டர் பேப்பரை ஒட்டியதும்
வெயில் பாலாகி உள்ளே இறங்கியது.
பின்வாங்க இருந்த ஒரே இடம் கழிவறை.
மூடிமேல் உட்கார்ந்தேன், கதவைத் திறந்து.
பாலிஷ் போட்ட மரத்தில் நான்.
அணைந்த டிவியில் நான்.
சீட்பெல்ட்டின் கொக்கியில்கூடக்
கடுகளவு நான்.
ஒவ்வொருத்தியாகக் கருப்புத் துணி போட்டு மூட
மதியம் இரண்டாயிற்று.

அப்போது பிலோமினா ஏறினாள்,
துடைக்கும் துணியோடு.
ஏறியவள் குனியவில்லை.
நடைபாதையின் நடுவே விறைப்பாக நின்று
தலைக்குமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்,
ஒரு விரல் இடைவெளி.
"எனக்குன்னு அளவெடுத்தாப்ல இருக்கே."
பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள்,
பஸ்ஸில் மேல் கம்பி எட்டாதாம்.

"அப்படியே நில்லு" என்றேன்.

அவள் நின்ற படத்தில்
விமானம் நிஜமாகவே பெரிசாக இருந்தது.
நம்பியாருக்கு இருபத்திரண்டு அனுப்பினேன், அது சேராமல்.
அது பிலோமினாவின் போனுக்குப் போனது.
"முகம் கருப்பா விழுந்துடுச்சு" என்று பதில் போட்டாள்.
ஜன்னலை நம்பி
முகத்துக்கு விளக்கு வைக்காதது என் தப்பு.

பில்லில் லென்ஸ் வாடகை, பட்டர் பேப்பர்
எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நம்பியார்
கடைசி வரியில் நின்றார்.
"கடுகு ரெண்டு கிலோவா?"
ஆமாம் சார்.
ஜீன்ஸ் சாயம் ஏறிவிட்டது,
இனி தாளிக்க ஆகாது.